ஒன்பதாவது கேள்வி

ரேஷன் கடைக்கு மேலே தகரக் கூரை அறை.
பதின்மூன்று பேர், பதினொரு நாற்காலி.
முதல் நாள் முழுக்க
எப்படி உட்காருவது என்று சொல்லித் தந்தாள் சுலபா தாயி.
நேர் எதிரே வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும்.
ஒட்டி உட்கார வேண்டாம், பஸ் ஆகிவிடும்.
கொஞ்சம் சாய்வாக,
அவர்கள் கண்ணை எடுத்துச் சுவரில் வைக்க
வழி விட்டு.
சீட்டா கேம்ப் வீட்டில் சாய்வதற்கு இடம் ஏது தாயி
என்றாள் பேச்சித்தாய்.
படி இருக்கிறதே, படியில் உட்காருங்கள்.
எழுதிக்கொண்டோம்: படி.

மூன்றாம் வாரம் வார்த்தை.
கையேடு இந்தியில் வந்திருந்தது,
தமிழுக்குள் அதை நாங்கள்தான் இழுத்து வர வேண்டும்.
மனச்சோர்வு என்று எழுதினேன்.
சோர்வுன்னா குளுக்கோஸ் குடிச்சாப் போயிடுமே
என்று பேச்சித்தாய் அழித்தாள்.
பிறகு ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சொல்லைக் கொண்டுவந்தாள்.
நெஞ்சு பொகையுது.
வெறிச்சுனு கெடக்கு.
சோத்தப் பாத்தா மண்ணு மாதிரி இருக்கு.
என் பங்குக்கு நான் சொன்னது:
கொழாயில தண்ணி வந்தும் எந்திரிக்கல.
கரும்பலகை முன் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
எங்கள் சந்தில்
அதைவிடப் பெரிய நோய்க்குறி கிடையாது.

எட்டுக் கேள்விகள் நாக்குக்குப் பழகிவிட்டன.
ஒன்பதாவதுதான் தொண்டையில் நின்றது.
இந்த ரெண்டு வாரத்தில்
இருப்பதைவிட இல்லாமல் போய்விடலாம் என்று தோன்றியதா?
சுற்றி வளைக்காமல் கேளுங்கள்,
கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது என்றாள் தாயி.
சரி.
ஆனால் தகர ஷீட்டுக்கு அந்தப் பக்கம்
நாத்தனார் பூண்டு உரித்துக்கொண்டிருப்பாளே,
எந்தக் குரலில் கேட்பது?
அதற்குக் கையேட்டில் பக்கம் இல்லை.

ஒத்திகை.
ஞானதுரை நோயாளி, நான் ஊழியர்,
ரஹ்மத்நிஷா பக்கத்தில் இருந்து டிக் போடுபவள்.
அவருக்குக் கொடுத்த சீட்டு:
வயது இருபத்தெட்டு. வேலை போய்விட்டது. தூக்கமில்லை.
அவருக்கு ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
சீட்டைப் பார்த்துப் பார்த்து
பள்ளிக்கூட நாடகப் பிள்ளை மாதிரிப் பதில் சொன்னார்.
எட்டு வரை சிரிப்பாக இருந்தது.
ஒன்பதைக் கேட்டேன்.
சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மான்கூர்த் ஸ்டேஷன்ல ஒரு நாள் ரொம்ப நேரம் நின்னேன்.
ஒரு பையன் வந்து மணி என்னன்னு கேட்டான்.
வாட்சைப் பாத்துச் சொன்னேன்.
பெறகு வீட்டுக்கு வந்துட்டேன்.

மௌனம் வந்தால் மனசுக்குள் பத்து எண்ணு என்பது பாடம்.
நான்கு எண்ணினேன், மறுபடி ஒன்றிலிருந்து நான்கு.
ரஹ்மத்நிஷாவின் பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.
கீழே சர்க்கரை மூட்டையை யாரோ இழுத்தார்கள்.
இப்போ அப்படித் தோணுதா என்று கேட்டேன்.
இப்போ இல்ல.
சீட்டை எடுத்துப் பிரித்தார்.
எனக்கு இருபத்தெட்டு வயசு மேடம், மேல கேளுங்க.

எனக்கு ஐந்துக்கு நான்கு.
நேரம் கடந்ததில் ஒன்று போயிற்று.
அன்று சாயங்காலம் நான் இறங்கும்போது
தாயியும் ஞானதுரையும் படியில் இருந்தார்கள்,
நடுவில் இரண்டு டீ,
கொஞ்சம் சாய்வாக.

இப்போது நீல நாடாவில் அடையாள அட்டை,
என் பெயரில் ஓர் எழுத்து அதிகம்.
முப்பது வீடு என் பொறுப்பு.
சிலர் பாய் விரிக்கிறார்கள்.
சிலர் கணக்கெடுப்பு என்று கதவைச் சாத்துகிறார்கள்.

அந்தப் பையனுக்கு யாரும் பயிற்சி தரவில்லை.
டியூஷனுக்கு நேரமாகியிருக்கலாம் அவனுக்கு.
மான்கூர்த்தில் இறங்கும் நாட்களில்
பிளாட்ஃபாரத்தின் கடைசிவரை நடந்து
தனியாக நிற்பவர்களிடம் மணி கேட்கிறேன்.
நேற்று ஒருத்தி ஏற இறங்கப் பார்த்தாள்.
கையிலதான் போன் இருக்கே?
இருந்தது.
முறைத்துக்கொண்டே சொன்னாள்,
ஆறு நாற்பத்திரண்டு.